முழிக்காரர் செய்த மாமனார்

கோபுரத்தில் வேலை செய்கிற கூட்டத்தில் அவருக்கு முழிக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அடையாள அட்டைக்கு மட்டும். சாரத்தின் மேல் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர்பாட்டுக்கு இருந்துவிடுவார்.

பெயருக்குக் காரணம் அவர் வைக்கிற கண்கள். சுண்ணாம்பும் மணலும் அரைத்துக் குழைத்த சுதையைச் செங்கல் மேல் அப்பி உருவம் பிடிக்கிற வேலை அவர்களுடையது. கை, கால், நகை, ஆயுதம் எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கழுத்துக்கு மேலே வந்ததும் மேஸ்திரி கையை உதறிவிட்டு, "முழிக்காரரக் கூப்பிடுப்பா" என்பார். அவரும் சின்னக் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, பரிசு வாங்க மேடை ஏறுகிறவர் மாதிரி நிதானமாக ஏறி வருவார். தொண்டையைச் செருமிக்கொள்வார். யாரும் கேட்காமலே, "முகம்னா சும்மாவா?" என்பார். அதற்குப் பிறகுதான் சுதையில் கை வைப்பார்.

ஊருக்கு நடுவே இருக்கிற அந்தப் பழைய கோயிலில் தூண், சுவர், கூரை எல்லாம் கல். எந்தக் காலத்திலோ நிறுத்தியது, அப்படியே நிற்கிறது. கோபுரத்தின் மேல்பகுதி மட்டும் செங்கல்லும் சுதையும். கல் பேசாமல் இருக்கும். சுதை அப்படி இல்லை. வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு ஊறும், புறா வந்து கேட்டால் மறுக்காமல் அக்குளில் இடம் கொடுக்கும். அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை சாரம் கட்டி, மூக்குப் போனவர்களுக்கு மூக்கும், விரல் போனவர்களுக்கு விரலும் வைத்துத்தான் ஆகவேண்டும். ஒரு கோபுரம் முடிந்தால் அடுத்த ஊர்க் கோபுரம். மீசை முளைக்காத வயதில் சாரம் ஏறிய முழிக்காரர், மீசை நரைத்த பிறகும் இறங்கவில்லை.

கோபுரத்துப் பொம்மைகளைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒருத்தர் முகமும் சகிக்காது. உடம்புக்குத் தலை பெரிது. முகவாய் நெஞ்சைத் தொடப் பார்க்கும். கண் பிதுங்கிப் பார்வை கீழே விழுந்து கிடக்கும். பல்வலியோடு மருந்துக்கடை வாசலில் நிற்கிற களை. அதே ஆளைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கம்பீரம் பொத்துக்கொண்டு வரும். நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். தலையை அளவாகப் பிடித்தால் கீழே இருப்பவருக்கு அது எலுமிச்சம்பழம். முகத்தை நேராக வைத்தால் அவருக்குத் தெரிவது வெறும் தாடை. முன்னே செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. பழைய பூச்சைச் சுரண்டும்போது அடியிலிருந்து வெளியே வருகிற முகங்களும் குனிந்து தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இதில் ஒரு சங்கடம் உண்டு. செய்கிறவர் மேலே இருக்கிறார். சரியாக வந்ததா என்பது கீழேதான் தெரியும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஏணி இறங்கி, தெருவைத் தாண்டி, பார்த்துவிட்டுத் திரும்ப ஏறுவதற்குள் சுதை இறுகிவிடும். கீழே நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். முழிக்காரருக்கு அந்த ஆள் அவருடைய மனைவி.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வருகிற அம்மாள், தெருவின் எதிர்ப்பக்கம் செருப்புக் கடை வாசலில் போய் நிற்பாள். வெயிலுக்குக் கையைப் புருவத்தின் மேல் வைத்துக்கொள்வாள். ஆள் குள்ளம், குரல் அப்படி இல்லை.

"ஏங்க! அந்த அம்மாவுக்கு வலது கண்ணு அடுத்த தெருவப் பாக்குது!"

"தெரியுது, தெரியுது!" என்று மேலிருந்து பதில் வரும். தெரிந்திருக்காது.

"பக்கத்துல நிக்கிறவருக்குச் சிரிப்பு ஜாஸ்தி! யாரையோ ஏமாத்தப் போறவர் மாதிரி இருக்காரு. உதட்டக் கொஞ்சம் அமுக்குங்க!"

சாரத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "அண்ணே, பெரிய மேஸ்திரி வந்துட்டாங்க" என்று ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார். "எங்க மேஸ்திரிக்குக் கூலி கொடுக்கணும், உங்க மேஸ்திரி சோறும் கொண்டு வருது" என்பார் இன்னொருத்தர். முழிக்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாதவர் போல உதட்டை அமுக்குவார். அமுக்கியதும் கீழே செருப்புக் கடைக்காரரே, "ஆங், இப்பச் சரி" என்பார். அதுதான் அவருக்கு அதிகம் எரியும்.

இருவருக்கும் கல்யாணமான கதையும் மேலே, கீழே சம்பந்தப்பட்டதுதான். மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவர். ஊரே அவரைச் செக்கர் ஐயா என்றுதான் சொல்லும். திடீரென்று ஏதாவது ஒரு நிறுத்தத்தில் ஏறுவார். உட்கார்ந்திருப்பவர்களின் மேல் குனிந்து, கண்ணாடிக்கு மேலாகக் கண்ணை உருட்டி, ஒரு வார்த்தை பேசாமல் பார்ப்பார். டிக்கெட் எடுத்தவனுக்கும் எடுக்காதவன் போல உள்ளே உதறும். இளைஞனாக இருந்த முழிக்காரர் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அந்தப் பார்வைக்கு அடியில் மாட்டினார். சட்டைப் பையைத் துழாவினார். வேட்டி மடிப்பைத் துழாவினார்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க."

பஸ்ஸே சிரித்தது. கடைசியில் டிக்கெட், இடுப்பில் இருந்த கரண்டியின் ஈரச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. செக்கர் ஐயா அதை நகத்தால் உரித்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பக் கொடுத்தார். பிற்பாடு யாரோ இந்த வரனைக் கொண்டுபோனபோது, "அந்தப் பையனா? யோக்கியன்தான். டிக்கெட் எடுத்திருந்தான், எடுத்தது எங்கன்னுதான் அவனுக்குத் தெரியல" என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்தாராம். அதன்பின் மாமனார் இருந்தவரை, அவர் வாசலில் தலையைக் காட்டினாலே மருமகன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும்.

செக்கர் ஐயா காலமாகிச் சில வருஷங்களுக்குப் பிறகு, அவருடைய மகன் புது வீடு கட்டினார். தரைக்கும் சுவருக்கும் ஓடு விற்கிற கடை வைத்திருப்பவர். வீட்டில் ஓடு ஒட்டாத இடம் மனுஷர்கள் மட்டும்தான். கூடத்தில் அப்பாவின் மார்பளவுச் சிலை வைக்க, நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதற்கு மேலே சின்ன விளக்கும் பொருத்தியிருந்தார். பெருநகரத்தில் ஃபைபரில் சிலை செய்கிற ஒருவரிடம் விலையும் பேசியாகிவிட்டது.

முழிக்காரர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என் வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எங்கப்பாவ வெளியாள் செய்யறதா?"

"அதுக்கில்லம்மா" என்றார் அண்ணன். "மாப்பிள்ளை செய்யறது எல்லாம் மேல இருக்கு. கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் எட்டாது. அங்க எப்படி இருந்தா யாருக்குத் தெரியப்போவுது? இது கூடம். வர்றவன் மூக்குக்கு நேரா இருக்கும்."

"எட்டுதா எட்டலையான்னு வந்து பாரு. அப்பா அச்சு அசலா வருவாரு. வரலைன்னா என்னைக் கேளு."

இப்படி அவள் வாயைக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் முழிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. கூடவே ஒரு வைராக்கியமும் வந்தது. வாழ்நாளெல்லாம் கீழே இருந்து அதட்டலைக் கேட்டுக் கேட்டு முகம் செய்தாகிவிட்டது. இந்த ஒரு முகத்தையாவது யார் குரலும் கேட்காமல் முடித்து அவள் முன்னால் நிறுத்தவேண்டும். செருப்புக் கடைக்காரர் "ஆங், சரி" என்று சொல்லாமல் ஒரு வேலையாவது சரியாக இருக்கவேண்டும்.

பின்கட்டுக் கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டிக் கதவாக்கினார். "முடியற வரைக்கும் நீ உள்ள வரக் கூடாது."

"நான் பாக்காம நீங்க எந்தக் கண்ண ஒழுங்கா வச்சிருக்கீங்க?"

"அதான். இந்தத் தடவ பாரு."

அவள் சிரித்தாள். ஆனால் வரவில்லை. தேநீர்க் குவளை மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து வரும். போகிறபோது குவளையைத் தள்ளிய விரல், தார்ப்பாயின் ஓரத்தை ஒரு நூல் தூக்கிப் பார்க்கும். "ம்ம்!" என்று உள்ளிருந்து செருமல் கேட்டதும் பழையபடி விழும்.

கைவசம் இருந்தது மாமனாரின் வேலை அட்டையில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படம். அதிலும் முத்திரை நெற்றியில் விழுந்திருந்தது. மீதியை முழிக்காரர் மனசிலிருந்து எடுத்தார். முழங்கால் வலி என்பதால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தால் குனியாமல் வேலை செய்யவேண்டுமே. எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து, அதன் மேல் சிலையைப் பிடிக்க ஆரம்பித்தார். கம்பி வளைத்து, செங்கல் துண்டு வைத்து, சுதை அப்பி, கரண்டி முனையால் கண்ணிமையைக் கீறினார். மாமனார் மெல்ல மெல்ல டிரம்மின் மேல் கூடி வந்தார். கண்ணாடிக்குக் கம்பி வளைத்து மாட்டிய அன்று அந்தப் பார்வை சரியாக வந்து விழுந்தது. முழிக்காரர் கை சட்டைப் பைக்குப் போனது. தனியாகவே கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டார். வர்ணம் காய்ந்ததும் சாக்குச் சுற்றிக் கட்டிவிட்டார்.

புது வீட்டுக்குக் குடிபோகும் நாளுக்கு முந்தைய நாள், குட்டி லாரியில் மாமனார் போய் இறங்கினார். கோபுர வேலைக்காரர்கள் நாலு பேர் கூடத்து மேடையில் தூக்கி வைத்தார்கள். மச்சான், அவருடைய மனைவி, வீட்டில் கடைசி வேலைகள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். முழிக்காரர் தொண்டையைச் செருமி, "முகம்னா சும்மாவா?" என்று சொல்லி, சாக்கை உருவினார்.

கூடி நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

பெரிய தலை. நெஞ்சில் இடிக்கிற முகவாய். கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்கள் பிதுங்கித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூக்கு கொக்கி மாதிரி தொங்கியது. மேலே இருந்த சின்ன விளக்கு வேறு வழுக்கையை மட்டும் பிரகாசமாகக் காட்டியது.

மச்சான் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மறுபக்கமாகச் சாய்த்தார். "மாப்பிள்ளை, எங்கப்பா என்னத்தையோ தொலைச்சிட்டுக் கீழ தேடுறாரா?"

ஒருத்தர் கனைத்தார். இன்னொருத்தருக்கு அடக்க முடியாமல் வெளியே போகவேண்டி வந்தது. மச்சானின் மனைவி நல்ல மாதிரி, சமாளிக்கப் பார்த்தார். "கண்ணு நல்லா இருக்குங்க அண்ணே. யாரோ பின்னாடியிருந்து கழுத்த அமுக்கற மாதிரிதான்... மத்தபடி நல்லா இருக்கு."

முழிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கொட்டகையில் பார்த்த மாமனார் இவர் இல்லை. லாரியில் வரும்போது யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் நம்பியிருப்பார். திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அண்ணன் முகத்தைப் பார்க்காமல், முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"விடும்மா" என்றார் அண்ணன், இந்த முறை கிண்டல் இல்லாமல். "மாப்பிள்ளை பாவம், பாடுபட்டிருக்காரு. பின்னால ஸ்டோர் ரூம்ல வச்சிக்கலாம். நான் அந்த ஃபைபர்காரருக்குச் சொல்லிடறேன்."

ஸ்டோர் ரூம் என்ற சொல் அவள் தலையில் விழுந்ததை முழிக்காரர் பார்த்தார். நழுவிப் பின்பக்கக் குழாயடிக்குப் போய், அழுக்கில்லாத கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். அவள் எத்தனை தடவை தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கினாள்! ஒரு தடவை செருமாமல் இருந்திருக்கலாம்.

உள்ளே எல்லாரும் அவரவர் வேலைக்குக் கலைந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் வீட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது. செருப்புக் கடை வாசலிலிருந்து கோபுர உச்சிக்குப் போகிற குரல்.

"ஏங்க!"

பழக்கதோஷம். "தெரியுது, தெரியுது!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

அவள் கூடத்தில் எதிர்ச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஈரமாக இருந்தது. வாய் மட்டும் சிரிப்புக்குத் தயாராக இருந்தது.

"இப்படி வந்து உக்காருங்க."

"தரையிலயா?"

"உக்காருங்கன்னா."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இப்ப மேல பாருங்க" என்றாள். பார்த்தார். மேடையின் மேலிருந்து செக்கர் ஐயா குனிந்து, கண்ணாடிக்கு மேலாக, அவரை மட்டும் பார்த்தார். இதே முகம்தான் கொட்டகையில் வந்தது.

"நீங்க எதுல உக்காந்து செஞ்சீங்க?"

"முக்காலில."

"அப்பா?"

"டிரம்மு மேல."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ என்னை உள்ள விட்டிருந்தா நின்னு பாத்துச் சொல்லியிருப்பேனே! வைராக்கியமாம், வைராக்கியம்." பிறகு சிலையைப் பார்த்துக்கொண்டே குரல் தணிந்து, "அப்பா என்னை இப்படித்தாங்க பாப்பாரு. நான் எப்ப அவர் உசரத்துக்கு நின்னேன்?" என்றாள்.

மச்சானைக் கூப்பிட்டாள். அவரையும் தரையில் உட்காரச் சொன்னாள். அவர் வேட்டியில் சிமெண்ட் தூசி ஒட்டுமே என்று யோசித்து, அரைகுறையாகக் குந்தி, மேலே பார்த்தார். வேட்டியை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவருக்குள் இருந்த கடைக்காரர் விழித்துக்கொண்டார்.

"சரிதாம்மா. அதுக்காக வீட்டுக்கு வர்றவன எல்லாம் தரையில உக்காத்தி வச்சு அப்பாவக் காட்டச் சொல்றியா?"

"வேணாம். அப்பாவ மேல ஏத்து."

"எங்க?"

"வாசலுக்கு மேல, முகப்புச் சுவர்ல."

மச்சான் எழுந்துவிட்டார். "கூடத்துல இருந்தா நாலு பேரு சிரிப்பான். அங்க வச்சா தெருவே சிரிக்கும்."

"தெருவுல நின்னு பாத்து நல்லா இல்லைன்னா, அந்த ஃபைபர்காரருக்கு நானே என் வாயால ஃபோன் பண்றேன். இவரு செஞ்சத நானே ஸ்டோர் ரூம்ல வைக்கிறேன். போதுமா?"

மனைவி பந்தயத்தில் வைத்தது முழிக்காரருடைய கையை. ஆனால் அந்தக் குரலுக்கு எதிராக அவர் இதுவரை ஜெயித்ததில்லை; இப்போது முயற்சியும் செய்யவில்லை.

வந்த நாலு பேரும் கோபுர ஆட்கள் ஆனதால் காரியம் கடகடவென்று நடந்தது. மொட்டை மாடியில் சவுக்குக் கம்பை நட்டு, கப்பி மாட்டி, சிலைக்குக் கயிறு பூட்டினார்கள். செக்கர் ஐயா சாக்குச் சட்டையோடு மெதுவாக ஆடி ஆடி மேலே போனார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முழிக்காரர் முகப்புச் சுவரின் மேல் மண்டியிட்டு, சாக்கை உருவிவிட்டுச் சிலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது மாமனாரின் பிடரி மட்டும். கீழே என்ன தெரிகிறது என்று அவருக்குத் தெரியாது.

அவள் தெருவைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நின்றாள். கையைப் புருவத்தின் மேல் வைத்தாள்.

"இன்னும் முன்னாடி! ... போதும்! கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க. உங்க இடது இல்ல, அப்பாவோட இடது! ... அய்யோ, இப்பக் குப்பைத் தொட்டியப் பாக்குறாரு. திருப்பிக் கொண்டாங்க. ... அங்க! அங்கயே! கைய எடுங்க!"

கையை எடுத்தார். கீழே மச்சான் என்ன முகம் வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்க முழிக்காரருக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு வயதானவர் சரக்கென்று பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றினார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இது யார் வீடு என்றுகூட அவருக்குத் தெரியாது. மேலே பார்த்தார். தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அடேயப்பா!" என்றார் அவர். "செக்கர் ஐயா இங்கயும் ஏறிட்டாரா?"

மச்சான் குபீரென்று சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்காமல் வந்தது. கண்ணைத் துடைக்கிற அளவுக்கு வந்தது. துடைத்தது எல்லாம் சிரிப்புத்தானா என்று யாரும் கேட்கவில்லை. "மாப்பிள்ளை!" என்று மேலே பார்த்துக் கத்தினார். "அப்படியே அசையாம புடிங்க! சிமெண்ட் கலக்கிக் கொண்டு வரச் சொல்றேன். அந்த ஃபைபர்காரன் கெடக்கான்!"

தங்கை அண்ணனைப் பார்த்து முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதிலேயே எல்லாம் இருந்தது.

அடியில் சிமெண்ட் வைத்து இறுக்கியானதும், "ஏங்க, நீங்க கீழ வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். முழிக்காரருக்கு அது புதுசாக இருந்தது. மேலே வேலை நடக்கும்போது அவரைக் கீழே வந்து பார்க்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஏணி இறங்கி, தெருவைத் தாண்டி, அவள் பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கை மெல்ல எழுந்து சட்டைப் பைக்குள் போய்த் துழாவியது.

"என்ன தேடுறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"அன்னிக்கும் இதேதான் சொன்னீங்களாம். அப்பா சொல்லியிருக்காரு." அவள் சிரித்து முடித்துவிட்டு, மறுபடியும் கையைப் புருவத்தின் மேல் வைத்துக் கண்ணை இடுக்கினாள். "சரி, இடது காது கொஞ்சம் பெரிசா இருக்கு. சிமெண்ட் காயறதுக்குள்ள ஏறுங்க."

"காதுக்கும் சிமெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் முழிக்காரர்.

கேட்டாரே தவிர, அதற்குள் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டார்.